கம்பம் நின்ற வீடு

பெயர்: பொன்மணி. க/பெ மாரிக்கண்ணன். வயது: 23. பணி: உதவியாளர். பிரிவு: திறன்சாராத் தொழிலாளர்.

திருத்தங்கலில் அவர் வேலை பார்க்கும் ஆப்செட் அச்சகத்தின் பணியாளர் பதிவேட்டில் பொன்மணியைப் பற்றி இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. பதிவேடு பொய் சொல்லவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு உண்மையாக இருந்ததை இன்னும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வயதுக் கட்டத்தைக்கூட யாரும் திருத்தவில்லை. இடைப்பட்ட காலத்தில் இந்தத் திறன்சாராத் தொழிலாளர் ஆல்ப்ஸ் மலையை இரண்டு அங்குலம் இடப்பக்கம் நகர்த்தியிருக்கிறார். வற்றிய அருவிகளில் தண்ணீர் விட்டிருக்கிறார். காஷ்மீர் ஏரியில் கேரளத்துப் படகை மிதக்கவிட்டு, அதைச் சென்னையில் இருக்கும் காஷ்மீர்க்காரரே வாங்கிக்கொண்டு போகும்படி செய்திருக்கிறார். இவ்வளவுக்கும் பொன்மணி பார்த்த அதிகபட்சத் தூரம் மதுரை. அதற்கு அடுத்தது இருக்கன்குடி.

மல்லாங்கிணறு பக்கத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் வேலை பார்த்தவர்கள். மழை பொய்த்த வருடங்கள் கூடிக்கொண்டே போக, குடும்பம் தீப்பெட்டி வேலைக்காகத் திருத்தங்கலுக்குக் குடிவந்தது. பொன்மணி பத்தாம் வகுப்பு முடித்தார், மாரிக்கண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டார், பிறகு அச்சகத்தில் மாதக் காலண்டருக்குத் தகரம் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அச்சான தாள்களை அடுக்கி, மேல் விளிம்பில் தகரப் பட்டையைக் கொடுத்து, இயந்திரத்தை மிதித்தால் ஒரு காலண்டர். அதைத் தள்ளிவிட்டு அடுத்தது. படத்தைப் பார்க்க நேரமும் கிடையாது, பார்க்கச் சொல்லி யாரும் கூலி கொடுக்கவும் இல்லை.

ஒரு நாள் ஏரிப் படம் ஒன்றில் அவர் கால் மிதியடியிலேயே நின்றுவிட்டது. தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிந்தது, மரங்கள் தெரிந்தன. நடுவில் நீந்திய வாத்து மட்டும் தண்ணீரில் தெரியவில்லை.

"இந்த வாத்து வேற ஊரு வாத்து போலயே" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

பின்னால் வந்து நின்ற முதலாளி உபைதுல்லா அதைக் கேட்டுவிட்டார். அந்தப் படம் போட்ட காலண்டர் ஏற்கெனவே ஒரு லோடு கோயம்புத்தூர் போய்விட்டது. அங்கே ஒருவரும் வாத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். மறுநாள் பொன்மணியைப் படங்களைச் சீர்செய்யும் அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த காளீஸ்வரனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். ஆறு மாதத்தில் பொன்மணிக்குத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பதிவேட்டைத் திருத்த மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த அறையின் முதல் சட்டம், கம்பம் இருக்கக் கூடாது என்பது. கோயில், மலை, கடற்கரை, எந்தப் படம் வந்தாலும் முதலில் மின்கம்பத்தையும் ஒயரையும் எடுத்துவிட வேண்டும். "கஸ்டமர் கம்பம் பாக்கவா காலண்டர் வாங்குறான்? அது அவன் வீட்டு வாசல்லயே நிக்குது" என்பார் உபைதுல்லா. காளீஸ்வரனுக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. கம்பத்தைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. ஆனால் அவசரக்காரர். கம்பத்தை எடுப்பார், தரையில் கிடக்கும் அதன் நிழலை மறந்துவிடுவார். பத்தொன்பது வருடமாகக் காளீஸ்வரன் விட்டுப்போன நிழல்களைப் பொன்மணி பின்னாலேயே போய்த் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

போன தை மாதம் சீசன் ஓய்ந்து இயந்திரங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், உபைதுல்லாவின் மகன் சாபிரிடமிருந்து ஒரு திட்டம் வந்தது. சாபிர் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் வேலை பார்க்கிறார். நான்கு வருடமாக ஊருக்கு வர முடியவில்லை. மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளையை உபைதுல்லாவும் அவர் மனைவி ஹாஃபிஸாவும் போனில் மட்டும் பார்த்திருக்கிறார்கள். நோன்புப் பெருநாள் கழிந்ததும் மத்தியதரைக் கடலில் இருக்கும் கிரீட் தீவில் ஒரு வில்லாவை எட்டு நாளுக்கு எடுத்து எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்பது யோசனை. ஓட்டல் வேண்டாம், வில்லா என்றால் அம்மாவே சமைக்கலாம், எது கலந்திருக்கிறது என்று யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஏழு பேர், எட்டு நாள், ஒரு கடல்.

ஹாஃபிஸா உடனே சரி சொல்லவில்லை. அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. சமதரையில் நன்றாக நடப்பார், படிதான் முடியாது. திருத்தங்கல் வீட்டு வாசலில் மூன்று படி. சுவரைத் தொட்டபடி அதைத் தனியாக ஏறி இறங்குவார். "மூணு படிக்கு நான் போதும். நாலாவது படிக்கு ஆள் வேணும்" என்பது அவர் கணக்கு.

அதற்கு முந்தின வருடம் கொடைக்கானல் போயிருந்தார்கள். படத்தில் புல்தரை காட்டிய பங்களாவில் அறை முப்பத்திரண்டு படிக்கு மேலே இருந்தது. ஹாஃபிஸா முதல் நாள் ஏறினார், மூன்றாம் நாள் இறங்கினார். அவரைப் பொறுத்தவரை கொடைக்கானல் என்பது குளியலறை ஜன்னலில் தெரிந்த ஒரு மரக்கிளை. அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லப் பழகியிருந்தார்.

இந்த முறை கொஞ்சம் நீளமாகவே சொன்னார். "படுக்கைல இருந்து கடல் வரைக்கும் என் கால்ல நடந்து போகணும். மூணு படிக்கு மேல இருக்கக் கூடாது. அங்கன போயி நாலு பேரு சேர்ல வச்சுத் தூக்குறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் வரல. என்னைய நேர்ல பாக்காத பேரப்பிள்ள முன்னால சாமான் மாதிரி எறங்க மாட்டேன்."

அவர் வரவில்லை என்றால் யாரும் போவதில்லை. அது வீட்டில் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சாபிர் ஒன்பது வீடுகளின் படங்களை அனுப்பினார். செல்போனில் பார்த்தால் உபைதுல்லாவின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அவர் அச்சகக்காரர், கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். ஒன்பது வீடுகளையும் கெட்டியான ஆர்ட் பேப்பரில், நாலு கலரில், பெரிய அளவில் அச்சடித்து, காலண்டர் ஆர்டர் பிடிக்கப் போகும் ஏஜெண்டுகள் கையில் வைத்திருப்பதுபோல் நம்பர் போட்டு ஆல்பமாகக் கட்டச் சொன்னார். ஒரு குடும்பம் விடுமுறைக்கு வீடு பார்க்க ஆல்பம் போட்ட சம்பவம் கிரீட் தீவின் சரித்திரத்தில் அதுவே முதலாக இருக்கலாம்.

ஆல்பம் தயாரானதும் பொன்மணியை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா பொன்மணி, இங்கன வா. இதுல எது நெசம், எது ஜோடிச்சதுன்னு நீதான் சொல்லணும்."

பொன்மணி ஆல்பத்தைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். "இத்தன வருசமா ஜோடிக்கச் சொன்னதே நீங்கதான மொதலாளி."

"அது அடுத்தவனுக்கு. இது எனக்கு."

ஹாஃபிஸா சிரித்துவிட்டார். "வா பிள்ள, உக்காரு. சாப்பிட்டியா?"

பொன்மணி ஒன்றாம் நம்பரை எடுத்தார். நீச்சல்குளம். பெரிதாக, நீலமாக, அடிவானம் வரைக்கும் போனது. பொன்மணி குளத்தைப் பார்க்கவில்லை. கரையில் கிடந்த செருப்பைப் பார்த்தார். "இந்தச் செருப்போட அளவ வச்சுப் பாருங்க. ரெண்டு பேரு எறங்குனா மூணாவது ஆளு கரையிலதான் நிக்கணும். இழுத்து எடுத்திருக்காக."

இரண்டாம் நம்பரில் மரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அலை எதிர்ப்பக்கம் அடித்தது. "கடல் வேற படத்துல இருந்து வந்திருக்கு." மூன்றாம் நம்பரில் ஒரே எலுமிச்சைத் தட்டு சமையலறையிலும் இருந்தது, இரண்டு படுக்கையறையிலும் இருந்தது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் தட்டோடு அறை அறையாக ஓடியவர் எதற்கும் துணிந்தவராக இருப்பார் என்று பொன்மணி கருதினார். ஐந்தாம் நம்பர், வானத்திலிருந்து எடுத்த படம். வீடும் கடலும் ஒட்டிக்கொண்டிருந்தன. "இது குருவி பாத்த படம். அம்மா நடந்துல்ல போகணும்."

ஆறாம் நம்பரில் வெள்ளைச் சுவர், சிவப்புப் பூ, கண்ணுக்கு ஒரு படிகூட இல்லை. உபைதுல்லா அதைத்தான் மனதில் வைத்திருந்தார். பொன்மணி படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே ஒரு இரும்புக் கைப்பிடி அரை அங்குலம் எட்டிப் பார்த்தது.

"சமதரைக்குக் கைப்பிடி எதுக்கு மொதலாளி? படத்துக்கு வெளிய படி எறங்குது. அத வெட்டிட்டாக."

ஹாஃபிஸா அந்தத் தாளை வாங்கி, கைப்பிடியைப் பார்த்துவிட்டு, கவிழ்த்து வைத்தார்.

எட்டும் ஒன்பதும் உபைதுல்லாவே ஒதுக்கியவை. எட்டாம் நம்பரின் வரவேற்பறையே மதுக்கடையாக இருந்தது. மிஞ்சியது நான்கும் ஏழும்.

நான்காம் நம்பரைப் பொன்மணி நெடுநேரம் பார்த்தார். நிழல் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. கண்ணாடியில் தெரிய வேண்டியது தெரிந்தது. கடல் முற்றத்துக்கு எதிரிலேயே கிடந்தது. "ஒரு குத்தமும் கண்டுபிடிக்க முடியல."

"அப்ப நல்ல வீடு."

"ஒண்ணு நெசமா இருக்கணும். இல்லன்னா என்னையவிட நல்ல கையி."

ஏழாம் நம்பர் ஹாஃபிஸாவுக்குப் பிடித்தது. அழகான படம் என்று சொல்ல முடியாது. ஒரு முற்றம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கதவோரம் ஒரு நீல வாளி. பின்னால் சாலை, அதற்குப் பின்னால் கடல். "வாளி கெடக்கு பாரு. ஆளு பொழங்குற வீடு" என்றார்.

பொன்மணி வாளியைப் பார்க்கவில்லை. முற்றத்துத் தரையைப் பார்த்தார். குறுக்காக ஒரு நிழல், நேராக, ஒல்லியாக, நீளமாகக் கிடந்தது. அந்த நிழலுக்குரிய பொருள் படத்தில் எங்கும் இல்லை.

"இது வேணாம்மா. நெழல் கெடக்கு, பொருளக் காணோம். இவுக எதையோ எடுத்திருக்காக. ஒண்ண எடுத்தவுக இன்னும் எத எத எடுத்தாகளோ."

ஹாஃபிஸா வாளியை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். பொன்மணி சொன்ன பிறகு அதற்கு மேல் பேச்சில்லை. நான்காம் நம்பரை முடிவு செய்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சாபிர் அதை உறுதிப்படுத்துவதாக ஏற்பாடு.

நடுவில் ஒரு வாரம். பொன்மணி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை மதியம் காளீஸ்வரன் ஒரு படத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டார். ஏதோ ஜவுளிக்கடைக்காக எடுத்த இருக்கன்குடித் தெருப் படம். கம்பம் போயிருந்தது, வழக்கம்போல நிழல் ரோட்டிலேயே கிடந்தது. பொன்மணி அதைத் துடைக்கப் போனபோது, நிழலின் அடிப்பக்கத்தில், கம்பம் தரையில் ஊன்றியிருந்த இடத்தில், ஒரு வட்டமான வெளிறிய திட்டைப் பார்த்தார். காளீஸ்வரன் எப்போதும் அந்த இடத்தில் கம்ப்யூட்டர் அழிப்பானின் பெரிய வட்டத்தை வைத்து ஒரே அழுத்தாக அழுத்துவார். சலவைக்காரர் வேட்டியில் போடும் குறி மாதிரி, பார்த்தவுடனே யார் கைப்பட்டது என்று தெரிந்துவிடும்.

இதே வெளிறிய வட்டத்தைப் போன வாரம் வேறெங்கோ பார்த்திருந்தார். எங்கே என்று நினைவுக்கு வந்ததும் அவர் கை மவுஸை விட்டது.

"அண்ணே, மொதலாளி வீட்டு ஆல்பம் போடுறப்ப ஏழாம் நம்பர்ல கை வச்சீகளா?"

காளீஸ்வரன் திரும்பவே இல்லை. "ஒரு கம்பம் நின்னுச்சு. எடுத்தேன்."

"யாரு எடுக்கச் சொன்னா?"

"கம்பத்த எடுக்கிறதுக்கு எவன் சொல்லணும்?"

அந்த அறையின் முதல் சட்டமே அதுதான். பொன்மணிக்கு நடந்தது புரிந்தது. கிரீட் தீவில் முகம் தெரியாத ஒருவர் தன் வீட்டை உள்ளபடியே படம் எடுத்து, கம்பத்தோடு ஊருக்குக் காட்டியிருக்கிறார். அந்தக் கம்பத்தைத் திருத்தங்கலில் எடுத்துவிட்டு, எடுத்த குற்றத்தை அவர் தலையில் கட்டி, பொய்க்காரர் என்று ஒதுக்கியாயிற்று. ஒதுக்கியது பொன்மணி. காளீஸ்வரனின் நிழலைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்த கண், அது தன் முதலாளி வீட்டு மேஜை மேல் கிடந்தபோது அடையாளம் காணவில்லை. மூலப் படத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்க்கவும் தோன்றவில்லை. அச்சில் வந்ததை வைத்தே படத்தை அளப்பது அங்கே எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம்.

சாயங்காலம் வேலை விட்டதும் வீட்டில் மாரிக்கண்ணனிடம் விஷயத்தைச் சொன்னார். மாரிக்கண்ணன் பட்டாசு ஆலைத் தொழிலாளி. பேன்சி ரகப் பட்டாசுகளுக்கு வெடிமருந்து செலுத்துகிற வேலை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபடியே கேட்டார்.

"அந்த நாலாம் நம்பரு நல்ல வீடுன்னுதான சொன்ன?"

"குத்தம் தெரியலன்னு சொன்னேன்."

"அப்பறம் என்ன. சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப்போவுது? அவுகளே முடிவு பண்ணிட்டாக. நீ போயி நான் தப்பாச் சொல்லிட்டேன்னா, நாளைக்கு வேற எதச் சொன்னாலும் நம்ப மாட்டாக."

"உங்க ரூம்ல மருந்து சிந்துனா யாரு மொதல்ல கத்தணும்?"

"சிந்துனவன்தான்."

"சிந்துனவன் யாருக்குத் தெரியப்போவுதுன்னு பேசாம இருந்தா?"

"நாங்க எல்லாரும் மேல போயிருவோம்." பனியனை உதறினார். "சரி, கெளம்பு. ஆனா இதுல வெடிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, பாத்துக்க."

"அந்தம்மா நாலாவது படிக்கு முன்னாடி நிக்குறப்ப எனக்கு வெடிக்கும்."

மாரிக்கண்ணனே பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். உள்ளே வரச் சொன்னதற்கு மருந்து வாடை அடிக்கும் என்று சொல்லி வாசலிலேயே நின்றுகொண்டார்.

பொன்மணி உட்காரவில்லை. "மொதலாளி, ஏழாம் நம்பர நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்த நெழலு நம்ம கம்பெனி நெழலு." நடந்ததை முழுவதும் சொன்னார். காளீஸ்வரன் கம்பத்தை எடுத்ததை அரை வாக்கியத்திலும், தான் அதைக் கண்டுபிடிக்காமல் விட்டதை நாலு வாக்கியத்திலும் சொன்னார்.

உபைதுல்லாவுக்கு எரிச்சல். "நீதானம்மா ஒதுக்குன?"

"நான்தான்."

"நாளைக்கு நாலாம் நம்பர முடிக்கணும். இப்ப வந்து நிக்கிற."

"இன்னைக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுச்சு. அதான் இன்னைக்கே வந்தேன்."

ஹாஃபிஸா சாபிரை வீடியோவில் கூப்பிட்டார்.

"பொன்மணியக்கா, நல்லா இருக்கீகளா?" என்றார் சாபிர். அவருக்குப் பின்னால் மழை பெய்துகொண்டிருந்தது.

"நல்லா இருக்கேன் தம்பி. ஏழாம் நம்பரு படம் உங்ககிட்ட வந்தது வந்தபடி இருக்கா? கம்பம் நிக்குதா பாருங்க."

சாபிர் தேடிப் பார்த்தார். "நிக்குது. முத்தத்து ஓரத்துலயே நிக்குது. ஒயரு வேற குறுக்க போகுது. அசிங்கமாத்தான் இருக்கு."

"அந்த அசிங்கத்த அவுக எடுக்கல தம்பி. எங்களுக்கு அது அரை நிமிச வேல. அவுகளும் சொல்லி எடுத்திருக்கலாம். ஊருக்குக் காட்டுற படத்துல கம்பத்தையே எடுக்காதவுக, படியவா மறைப்பாக?"

உபைதுல்லா குறுக்கிட்டார். "இது நீ அவுக மேல வைக்கிற நம்பிக்க. எனக்குப் படி எத்தனைன்னு தெரியணும்."

"எனக்கும் அதுதான் வேணும் மொதலாளி. ஒருக்கா நம்பித்தான் மோசம் போனோம். இப்ப கேப்போம். தம்பி, ரெண்டு வீட்டுக்காரவுகளுக்கும் ஒரே மாதிரி எழுதிப் போடுங்க. படுக்கைல இருந்து கடல் வரைக்கும் எங்கன எங்கன படி இருக்கோ, அங்கனல்லாம் ஒரு வாளிய வச்சுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

"வாளி எதுக்குக்கா?"

"படிய மட்டும் எடுத்தா எம்புட்டு ஒசரம்னு தெரியாது. வாளி எல்லா ஊர்லயும் ஏறத்தாழ ஒரே ஒசரந்தான்."

சாபிர் சிரித்தபடியே எழுதி அனுப்பினார். ஐரோப்பியர்கள் இதற்கு என்ன நினைப்பார்களோ என்று அவருக்குக் கவலை இருந்தது. அதை ஹாஃபிஸா ஒரே வார்த்தையில் முடித்துவைத்தார்: "நெனைக்கட்டும்."

நான்காம் நம்பரிலிருந்து ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். தங்களுடைய வில்லாவைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி, படங்களில் உள்ளபடியே காட்சி இருக்கும், கடற்கரைக்குச் சில படிகள் மட்டும். கூடவே பழைய படங்கள் பதினொன்றும் திரும்ப வந்தன. சில என்றால் எத்தனை என்று சாபிர் கேட்டார். மிக அழகான சில படிகள் என்று பதில் வந்தது.

"கொடைக்கானல்காரனுக்குச் சொந்தக்காரனா இருப்பான்" என்றார் ஹாஃபிஸா.

ஏழாம் நம்பரிலிருந்து அன்றைக்குப் பதிலே இல்லை. உபைதுல்லா நம்பிக்கை இழந்தார். பொன்மணியும் உள்ளுக்குள் இழந்திருக்கலாம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, "அங்க இப்பத்தான் விடியிதோ என்னமோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அங்கே அப்போது மதியம் தாண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து உபைதுல்லா வீடு திரும்பியபோது சாபிரிடமிருந்து நான்கு படங்கள் வந்திருந்தன. அந்த வீட்டுக்காரம்மா வயதானவர். கைவசம் ஒரே வாளிதான், அதே நீல வாளி. அதையே எடுத்து எடுத்து வைத்திருந்தார். முதல் படத்தில் வாளி வீட்டு வாசற்படியில் இருந்தது. இரண்டாவதில் முற்றத்துக் கதவுப் படியில். மூன்றாவதில், சாலையைக் கடந்து மணலில் இறங்கும் இடத்துப் படியில். அந்தப் படி மட்டும் கொஞ்சம் உயரம் என்பது வாளியைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்றே படி. நான்காவது படம் யாரும் கேட்காதது: அலை வந்து முடிகிற இடத்தில் வாளி, பாதி அளவு கடல் தண்ணீரோடு.

கம்பத்துக்காக மன்னிப்பும் கேட்டிருந்தார். அதை மாற்றச் சொல்லி மின்சார அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதிப் போட்டாராம், இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லையாம். இதைப் படித்ததும் உபைதுல்லாவுக்கு அந்தத் தீவு ஏதோ பக்கத்து ஊர் போல ஆகிவிட்டது. அன்றைக்கே ஏழாம் நம்பர் உறுதியாயிற்று.

பொன்மணி அதோடு விடவில்லை. மூன்றாவது படியின் படத்தைப் பெரிதாக்கி, வாளியை வைத்து அளந்து, திருத்தங்கல் வாசற்படியைவிட இரண்டு விரற்கடை கூடுதல் என்றார். உபைதுல்லா வீட்டு வாசலில், கடைசிப் படியின் மேல் அந்த அளவுக்கு ஒரு கடப்பாக்கல் பலகை வைக்கப்பட்டது. மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஹாஃபிஸா அந்தப் பலகையில் ஏறி இறங்கிப் பழகினார். தெருவில் போகிறவர்கள் கேட்டபோது, வெளிநாட்டுக்குப் போக ஒத்திகை என்றார். யாரும் நம்பவில்லை.

பெருநாள் கழிந்து அவர்கள் போனார்கள். சாபிரின் போனிலிருந்து பொன்மணிக்கு ஒரு சின்ன வீடியோ வந்தது. அதில் ஹாஃபிஸா மணலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்; பின்னால் கடைசிப் பேத்தி, தொடாமல், இரண்டு அடி தள்ளி வந்தது. தொடக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருப்பார்கள் போல. மூன்றாவது படியில் ஹாஃபிஸா நின்றார், ஒரு கையை மதிலில் வைத்தார், இறங்கினார். பிறகு திரும்பி, "பாத்தியா" என்பதுபோல் கேமராவைப் பார்த்தார். அச்சக அறையில் அதை மூன்று முறை ஓடவிட்டார்கள். காளீஸ்வரன் மூன்று முறையும் ஓரத்தில் நின்ற கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரல் அரிக்குதா அண்ணே?" என்றார் பொன்மணி.

"வீடியோவா இருக்கேன்னு பாக்கேன்."

ஆடிப்பெருக்குக்குப் புது ஆல்பம் வெளிவந்தபோது அதில் கடலோர முற்றம் ஒன்று இருந்தது. நாற்காலி, நீல வாளி, பின்னால் கடல். சாபிர் எடுத்த படம். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுத்தான் போட்டார்கள். அதில் கம்பம் இல்லை. எடுத்தவர் பொன்மணி; நிழலையும் சேர்த்து, யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி எடுத்திருந்தார். அந்தக் கம்பத்தை நம்பி வீடு பிடித்துவிட்டு அதையே எடுப்பது நியாயமா என்று ஒரு ஏஜெண்டு சீண்டினார். "கஸ்டமரு அங்க நடந்தா போகப்போறான்? செவத்துலதான மாட்டப்போறான்" என்றார் பொன்மணி. அந்தப் படத்துக்கு ஆர்டர் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பதிவேட்டில் அவர் இன்னும் திறன்சாராத் தொழிலாளர்தான். அவர் செய்தது இது: ஒன்பது வீடுகளின் படங்களைப் பார்த்தார். சரியான வீட்டைத் தவறாக ஒதுக்கினார். தவறு தெரிந்த அன்றே போய் அதைச் சொல்லி, அந்த வீட்டைத் திரும்ப எடுக்க வைத்தார். அந்த வீட்டிலிருந்து ஹாஃபிஸா எட்டு நாளும், யார் கையையும் பிடிக்காமல், கடலுக்கு நடந்து போய் வந்தார்.